நட்சத்திரம் ஒன்று, அணி பதினொன்று

(விளையாட்டுப் பாடம் – ஹாக்கி)



நம் சுவரேட்டில் கதை வந்திருக்கிறது, கவிதை வந்திருக்கிறது, புள்ளிக் கோலம்கூட வந்திருக்கிறது. இந்த முறை ஒரு விளையாட்டுப் பாடம். இது பரீட்சைக்கு வராது. ஆனால் மைதானத்தில் கட்டாயம் வரும்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு ஹாக்கி அணியில் எல்லாரையும்விட நன்றாக ஆடுகிற ஒருவன் இருக்கிறான். பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டதுபோல ஓடுவான், நாலு பேரை ஏமாற்றிவிட்டு கோல் போடுவான். அப்படி ஒருவன் இருந்தால் மற்றப் பத்துப் பேரும் என்ன செய்ய வேண்டும்? பந்து கிடைத்ததும் அவனிடமே தள்ளிவிட வேண்டுமா?

“ஆமாம், அவன்தானே கோல் போடுறான்!” என்று பாதிப் பேர் சொல்வீர்கள். மீதிப் பேர் யோசிப்பீர்கள். யோசிக்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. “ஆமாம்” என்று சொன்னவர்கள் கண்டிப்பாகப் படிக்கவும்.

கேள்வி சும்மா கேட்கவில்லை. நம் பள்ளியில் காலைப் பயிற்சிக்கு இருபது பேர் வந்துகொண்டிருந்தோம். இப்போது எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று பேர்தான். பதினொரு பேர் ஆடினால் வெளியே ரெண்டே பேர். அதில் ஒருவனுக்குக் காய்ச்சல், இன்னொருவன் ஊருக்குப் போய்விட்டான் என்றால் மாற்று ஆளே கிடையாது. ஏன் நின்றார்கள் என்று ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவனைக் கேட்டேன். “பந்து என்கிட்ட வரவே வராது அண்ணே. சும்மா ஓடுறதுக்கு நான் எதுக்கு அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும்?” என்றான். நியாயம்தானே? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் அது மாஸ்கோ, சிட்னி, பாரிஸ் வரைக்கும் போகிறது. வாருங்கள், நாமும் போய்விட்டு நம்ம மைதானத்துக்குத் திரும்பி வரலாம்.

1. பதினோரு பேருக்கும் என்ன வேலை?

பாடப்புத்தகத்தில் உடலின் உறுப்புகளைப் படித்தோமே, அதுபோல அணியின் உறுப்புகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய முறைப்படி ஹாக்கி அணி இப்படி நிற்கும்: கோல்கீப்பர் 1, ஃபுல்பேக் 2, ஹாஃப் 3, ஃபார்வர்ட் 5. இப்போது பெரிய அணிகள் பின்னால் மூன்று நாலு பேரை வைத்து வேறு வேறு விதமாக நிறுத்துகிறார்கள். எப்படி நிறுத்தினாலும் வேலைகள் மாறாது.

கோல்கீப்பர்: தடுப்பது பாதி வேலை, கத்துவது மீதி வேலை. மைதானம் முழுவதும் அவர் கண்ணுக்குத்தான் தெரியும். “லெஃப்ட்ல ஆள் வர்றான்!” என்று அவர் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

ஃபுல்பேக்: அவசரப்படாதவர். பந்தைப் பிடுங்குவதைவிட எதிராளியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹாஃப்: முன்னாலும் ஓடுவார், பின்னாலும் ஓடுவார். அதிகம் ஓடுகிறவர், குறைவாகக் கைதட்டு வாங்குகிறவர். நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃப்தான் அணியின் மூளை.

ஃபார்வர்ட்: கோல் போடுகிறவர்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் ஐந்து பேரில் மூன்று பேரின் வேலை, எதிரணி ஆட்களைத் தங்கள் பின்னால் இழுத்துக்கொண்டு போய் மற்றவனுக்கு இடம் செய்து கொடுப்பது.

நம் பள்ளியில் அணித் தேர்வு நடந்தால் “நீ என்ன ஆடுவே?” என்று கேட்டதும் எல்லாரும் ஒரே குரலில் “சென்டர் ஃபார்வர்ட் சார்!” என்கிறோம். பதினோரு சென்டர் ஃபார்வர்டை வைத்துக்கொண்டு ஆட முடியுமா? கல்யாண வீட்டில் எல்லாருமே மாப்பிள்ளையாக நின்றால் பந்தி பரிமாறுவது யார்?

2. ஒரு கோலுக்கு எத்தனை கை?

சரி, நட்சத்திரம் தனியாகவே கோல் போடுகிற இடம் ஒன்று சொல்லுங்கள் என்றால் எல்லாரும் பெனால்டி கார்னரைச் சொல்வோம். டிராக் ஃப்ளிக் அடிக்கிறவர் படம்தான் பேப்பரில் வரும். அதையே பிரித்துப் பார்ப்போம்.

கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, கோல் கோட்டின் மேல் ஒருவர் நின்று பந்தை உள்ளே தள்ளுகிறார். அந்தப் பந்து ‘டி’ வளைவுக்கு வெளியே போக வேண்டும் என்பது சட்டம். அந்த வளைவின் ஆரம் 14.63 மீட்டர். அங்கே இன்னொருவர் குனிந்து மட்டையைத் தரையோடு வைத்துப் பந்தை நிறுத்துகிறார். பிறகுதான் மூன்றாமவர் பந்தை இழுத்து வீசுகிறார். அதற்குள் எதிரணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் தடுக்க நிற்கிறார்கள். அதில் ஒருவர் நேராகப் பந்தை நோக்கிப் பாய்ந்து வருவார்.

தள்ளுகிறவர் கொஞ்சம் மெதுவாகத் தள்ளினால் பாய்ந்து வருகிறவர் வந்து சேர்ந்துவிடுவார். நிறுத்துகிறவர் ஒரு சாண் தப்பவிட்டால் வீசுகிறவருக்குப் பந்தே இல்லை. வீசிய பந்து கோல்கீப்பர் காலில் பட்டுத் திரும்பினால் அதை அடிக்க இன்னும் ரெண்டு பேர் தயாராக நிற்க வேண்டும். அப்படியானால் “தனியாக” போட்ட கோலுக்குக் குறைந்தது மூன்று பேர், சில சமயம் ஐந்து பேர்!

பெரிய அணிகள் ஆடுவது தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில். நம்முடையது மண் மைதானம். கோடையில் களிமண் வெடித்திருக்கும், ஐப்பசி மழையில் சேறாகிவிடும். பந்து எங்கே குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நம் ஊரில் நிறுத்துகிறவர் வேலை இன்னும் கஷ்டம். ஆனால் பயிற்சியில் அடிக்கிறதற்குத்தான் வரிசையில் நிற்கிறோம். நிறுத்துகிறதற்கு யாராவது வரிசையில் நின்று பார்த்திருக்கிறீர்களா?

3. நட்சத்திரம் இருந்தும் பதக்கம் வரவில்லை

தன்ராஜ் பிள்ளையைத் தெரியாத ஹாக்கிக்காரர் இல்லை. 1968-இல் புனே பக்கத்தில் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் உடைந்த மட்டைகளை வைத்து ஆடிப் பழகியவர். 1992, 1996, 2000, 2004 என்று நாலு ஒலிம்பிக்கில் ஆடினார். 1990, 1994, 1998, 2002 என்று நாலு உலகக் கோப்பையிலும் ஆடினார். பந்தோடு அவர் ஓட ஆரம்பித்தால் எதிரணியில் ரெண்டு மூன்று பேர் அவரை நோக்கியே ஓடுவார்கள்.

இத்தனை பெரிய வீரருக்கு ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை. உலகக் கோப்பைப் பதக்கமும் இல்லை. அவர் திறமையில் என்ன குறை? ஒன்றும் இல்லை. ஒரு ஆள் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கூரையை அவர் ஒருவரே தாங்க முடியாது, அவ்வளவுதான்.

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கைப் பாருங்கள். பயிற்சியாளர் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். அணியில் தன்ராஜ். போலந்தை வென்றால் அரையிறுதி. இந்தியா 1-0 என்று முன்னால் இருந்தது. கடைசி நிமிடங்களில் போலந்து ஒரு கோல் போட்டு 1-1 ஆக்கியது. அரையிறுதி போயிற்று. இந்தியாவுக்குக் கிடைத்தது ஏழாம் இடம். முன்னால் இருக்கும்போது பந்தைக் காப்பாற்றிக்கொள்வது ஃபார்வர்ட் ஒருவரின் வேலை இல்லை, பதினோரு பேரின் வேலை என்பதை அந்த ஆட்டம் காட்டுகிறது.

இதற்கு நேர் எதிரானது 1998 பாங்காக் ஆசிய விளையாட்டு. தன்ராஜ்தான் கேப்டன். இறுதி ஆட்டம் தென் கொரியாவோடு 1-1. டைபிரேக்கர் வந்தது. அங்கே தன்ராஜின் ஓட்டத்துக்கு வேலையே இல்லை. கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் தடுத்துக் காட்டினார், இந்தியா 4-2 என்று ஜெயித்தது. 1966-க்குப் பிறகு 32 வருஷம் கழித்து வந்த தங்கம்! அதே நட்சத்திரம்தான். அவருக்குப் பின்னால் நின்றவர் சரியான நேரத்தில் தன் வேலையைச் செய்தார்.

4. மாஸ்கோ 1980: ஒரு கணக்கு

இப்போது நோட்டை எடுங்கள், கொஞ்சம் கணக்கு போடுவோம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா தங்கம் வாங்கியது. கேப்டன் அதே வி. பாஸ்கரன். அந்த ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்ததால் ஹாக்கியில் ஆறே அணிகள் ஆடின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியா ஆடிய ஆட்டங்கள்:

தான்சானியாவுடன் 18-0
போலந்துடன் 2-2
ஸ்பெயினுடன் 2-2
கியூபாவுடன் 13-0
சோவியத் யூனியனுடன் 4-2
இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுடன் 4-3

மொத்தம் எத்தனை கோல்? 43. அதில் சுரிந்தர் சிங் சோதி ஒருவரே 15. “பார்த்தீங்களா, நட்சத்திரம்தான் ஜெயிக்க வைக்கும்!” என்று சொல்ல வருகிறீர்கள். பொறுங்கள். 43-இல் 31 கோல் ரெண்டே ரெண்டு ஆட்டத்தில் வந்தவை, அதுவும் பலம் குறைந்த அணிகளுக்கு எதிராக. மற்ற நாலு ஆட்டத்தையும் சேர்த்தால் 12 கோல்தான். பலமான அணி எதிரே வந்தால் நட்சத்திரத்துக்கும் கோல் சுலபமாகக் கிடைக்காது.

இறுதி ஆட்டத்தில் சோதி 2, கௌஷிக் 1, முகமது ஷாகித் 1. ஸ்பெயினின் ஹுவான் ஆமாத் மூன்று கோல் போட்டார். யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு மைதானத்தில் அதிக கோல் போட்ட ஆள் தோற்ற அணியில் இருந்தார்! ஸ்பெயினுக்கு ஒருவர் மூன்று. இந்தியாவுக்கு மூன்று பேர் சேர்ந்து நாலு. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு கோல்தான்.

5. சென்னை 2023: கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்துப் பையன்

வெளிநாடு போதும், நம்ம ஊருக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. இந்திய அணியில் கார்த்தி செல்வம் ஆடினார். அரியலூர்க்காரர். தஞ்சாவூரிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம். நம் பக்கத்து வீடு மாதிரி! ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியில் விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்.

அந்த அணியின் நட்சத்திரம் யார்? கேப்டன் ஹர்மன்பிரீத் சிங். உலகத்திலேயே பேர்போன டிராக் ஃப்ளிக்கர். அவர் இருக்கிறார் என்பதற்காக மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களா? லீக் ஆட்டத்தில் மலேசியாவை 5-0 என்று வென்றார்கள். ஐந்து கோலையும் ஐந்து பேர் போட்டார்கள். முதல் கோல் நம் கார்த்தி செல்வம்!

இறுதி ஆட்டத்தில் அதே மலேசியா. ஆனால் அன்றைக்கு இடைவேளையில் இந்தியா 1-3 என்று பின்னால் இருந்தது. சொந்த ஊர்க் கூட்டம் வாயடைத்துப்போன நேரம். அதற்குப் பிறகு மூன்று கோல் போட்டு 4-3 என்று ஜெயித்தார்கள். நாலு கோலையும் போட்டவர்கள் ஜுக்ராஜ், ஹர்மன்பிரீத், குர்ஜந்த், ஆகாஷ்தீப். மறுபடியும் நாலு பேர்! ஹர்மன்பிரீத்தை மட்டும் பிடித்து வைத்தால் போதும் என்று மலேசியா நினைத்திருந்தாலும் மற்ற மூன்று பேரை யார் பிடிப்பது?

6. பாரிஸ் 2024: ஆள் குறைந்தால் என்ன ஆகும்?

“அப்படியானால் நட்சத்திரமே வேண்டாமா?” என்று ஒரு கட்சி கிளம்பும். அதுவும் தப்பு. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா எட்டு ஆட்டத்தில் 15 கோல் போட்டது. அதில் 10 கோல் ஹர்மன்பிரீத். மூன்றில் இரண்டு பங்கு! அவர் இல்லாமல் வெண்கலம் இல்லை. ஸ்பெயினுக்கு எதிரான வெண்கல ஆட்டத்தில் 2-1 என்று ஜெயித்தபோது ரெண்டு கோலும் அவருடையவைதான்.

ஆனால் அந்த வெண்கல ஆட்டத்துக்கு வழி திறந்தது கால் இறுதி. 2024 ஆகஸ்ட் 4, எதிரணி பிரிட்டன். 17-ஆவது நிமிடத்தில் ஃபுல்பேக் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மட்டை எதிராளி முகத்தில் பட்டதற்காக. சிவப்பு அட்டை வாங்கியவருக்குப் பதில் வேறு ஆள் இறங்க முடியாது. மீதி 43 நிமிடமும் பத்துப் பேர், பதினோரு பேருக்கு எதிராக! ஹர்மன்பிரீத் ஒரு கோல் போட்டார், பிரிட்டன் ஒன்று போட்டது, 1-1. அதற்குப் பிறகு ஃபார்வர்டுகளும் பின்னால் இறங்கி வந்து டேக்கில் செய்தார்கள். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் மலைபோல நின்றார். ஷூட் அவுட்டில் 4-2. “அது என் வேலை இல்லை” என்று ஒருவர் சொல்லியிருந்தாலும் அந்த ஆட்டம் போயிருக்கும்.

கதை அதோடு முடியவில்லை. ரோஹிதாஸுக்கு அடுத்த ஆட்டம் தடை. பெனால்டி கார்னரில் முதலில் பாய்ந்து போய்த் தடுக்கிற தைரியசாலி அவர். பந்து உடம்பில் பட்டால் எலும்பு உடையும் வேலை அது. அவர் இல்லாத அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று இந்தியா தோற்றது. தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கோல் பட்டியலில் பேரே வராத ஒருவர் வெளியே இருந்தால் அணி எவ்வளவு தடுமாறும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மாற்று ஆளைப் பற்றியும் ஒன்று. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்காக ஜெர்மனியோடு ஆடினோம். 1-3 என்று பின்னால் இருந்து 5-4 என்று ஜெயித்தோம். 41 வருஷத்துக்குப் பிறகு ஹாக்கியில் வந்த ஒலிம்பிக் பதக்கம். அந்த ஐந்தில் ரெண்டு கோல் போட்ட சிம்ரன்ஜீத் சிங் முதலில் பதினாறு பேரில் இல்லை. வெறும் மாற்று ஆள். கொரோனா காலம் என்பதால் மாற்று ஆட்களும் ஆடலாம் என்று விதியைத் தளர்த்திய பிறகுதான் அவருக்கு வாய்ப்பு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, இந்தப் பேரை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்!

அதே டோக்கியோவில் நம் பெண்கள் அணி கால் இறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வென்றது. குர்ஜித் கௌர் பெனால்டி கார்னரில் ஒரு கோல் போட்டார். அதைக் கடைசி வரைக்கும் காப்பாற்றியது கோல்கீப்பர் சவிதாவும் பின்வரிசையும். ஒரு கோல் போட ஒரு நொடி. காப்பாற்ற முப்பது நிமிடத்துக்கு மேல்!

7. பந்தும் தண்ணியும் ஒண்ணு

நாம் காவிரிக்காரர்கள். நமக்கு இதைப் புரியவைக்க வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை.

மேட்டூரில் தண்ணீர் நிறைய இருக்கிறது. ஜூன் 12-இல் திறந்துவிடுகிறார்கள். கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகிறது. அங்கிருந்து வாய்க்கால், கிளை வாய்க்கால், மடை என்று ஓடி வயலுக்குப் போகிறது. மேட்டூரில் நூறு அடி தண்ணீர் இருக்கிறது என்று தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை விவசாயி சந்தோஷப்பட முடியுமா? அவர் வயல் நனைந்தால்தான் அவருக்குத் தண்ணீர். வாய்க்கால் தூர் வாராமல் கிடந்தால் அணையில் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

அணியும் அப்படித்தான். நட்சத்திரம் என்பவர் அணைக்கட்டு. அவரிடம் நிறைய இருக்கிறது. ஆனால் பந்து லெஃப்ட் அவுட் வரைக்கும், அதாவது அணியின் கடைமடை வரைக்கும் போய்ச் சேர வேண்டும். அங்கே பந்து போகாவிட்டால் எதிரணிக்கு அந்தப் பக்கம் காவலே தேவையில்லை. அங்கே நிற்க வேண்டியவனையும் கூப்பிட்டு நம் நட்சத்திரத்தைச் சுற்றி நிறுத்திவிடுவான். கடைமடை காய்ந்தால் கடைசியில் தலைமடைக்கும் நஷ்டம்.

தண்ணீர் குறைவான வருஷத்தில் முறைப்பாசனம் என்று முறை வைத்து விடுவார்களே, அதுபோல ஹாக்கியிலும் உண்டு. ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி இறக்கலாம் என்பது சட்டம். நட்சத்திரத்தையும் நாலு நிமிடம் உட்கார வைத்துத் தண்ணீர் குடிக்க விட்டால் கடைசி ஐந்து நிமிடத்துக்கு அவர் காலில் தெம்பு இருக்கும். அந்த நாலு நிமிடத்தில் தம்பிகளுக்கும் பெரிய ஆட்டத்தின் பயம் தெளியும்.

“பந்து என்கிட்ட வரவே வராது” என்று சொன்ன தம்பி தப்பாகச் சொல்லவில்லை. அவன் நம் அணியின் கடைமடை. அவன் நின்றுபோனது அவனுக்கு மட்டும் நஷ்டம் இல்லை.

8. அணியைக் கட்டுவது எப்படி?

(சோனல் போட்டிக்கு முன்னால் செய்ய வேண்டியவை. அணியில் உள்ளவர்கள் இதைப் பார்த்து எழுதிக்கொள்ளவும்.)

அ. ஆளைப் பார்த்து இடம் கொடுக்காதீர்கள், வேலையைப் பார்த்து ஆளைத் தேடுங்கள். முதலில் கோல்கீப்பர், அடுத்து சென்டர் ஹாஃப், அதற்குப் பிறகு ஃபுல்பேக். நட்சத்திரத்துக்கு எப்படியும் இடம் இருக்கும், அவரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆ. நட்சத்திரத்தின் இரண்டு பக்கமும் யார் என்று யோசியுங்கள். அவர் பந்தோடு முன்னால் போகிறவர் என்றால் பின்னால் காலியாகும் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு நிதானமான ஹாஃப் வேண்டும். ரெண்டு பேரும் ஓடினால் வீடு திறந்து கிடக்கும்.

இ. பாஸ் நோட்டு போடுங்கள். பயிற்சி ஆட்டத்தில் வெளியே இருக்கும் ஒருவர் பதினோரு பேரையும் எழுதி, யாரிடம் பந்து வந்தாலும் ஒரு கோடு போடட்டும். ஆட்டம் முடிந்ததும் எண்ணுங்கள். ஒருவருக்கு நாற்பது கோடு, இன்னொருவருக்கு மூன்று கோடு என்றால் குறை எங்கே என்று நோட்டே சொல்லிவிடும். சண்டை போடத் தேவையில்லை.

ஈ. பயிற்சியில் மட்டும் ஒரு தனிச் சட்டம்: ஐந்து வேறு வேறு ஆட்களின் மட்டை பட்டு விழுந்த கோலுக்கு ரெண்டு மதிப்பெண். தனியாகக் கொண்டுபோய்ப் போட்ட கோலுக்கு ஒன்று. ஒரு வாரத்தில் மாற்றம் தெரியும்.

உ. தினமும் பத்து நிமிடம் நட்சத்திரம் இல்லாமல் ஆடுங்கள். அவருக்குக் கால் சுளுக்கினால் என்ன செய்வது என்று போட்டி நாளில் யோசிக்கக் கூடாது.

ஊ. பெனால்டி கார்னருக்கு மூன்று பேர் போதாது, ஆறு பேர் பழகுங்கள். தள்ள ரெண்டு பேர், நிறுத்த ரெண்டு பேர், அடிக்க ரெண்டு பேர். தடுப்பதற்கு முதலில் பாய்கிறவருக்கு முகக் கவசமும் முழங்கால் பேடும் கட்டாயம். அது இல்லாமல் யாரையும் ஓடவிடக் கூடாது.

எ. அக்கா தங்கைகளின் அணிக்கும் இதே பாடம்தான். மைதானமும் நேரமும் அவர்களுக்கும் முறை வைத்துக் கொடுக்க வேண்டும்.

9. நட்சத்திரத்துக்கு நாலு வார்த்தை

நன்றாக ஆடுகிற அண்ணன்களே, அக்காக்களே, இது உங்களைக் குறை சொல்லும் கட்டுரை இல்லை. நீங்கள் இல்லாவிட்டால் நம் பள்ளிப் பேர் வெளியே தெரியாது. பந்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்காமல் திரும்ப வாங்குகிற இடத்துக்கு ஓடுங்கள். பந்து பறிபோனால் முதலில் துரத்துகிறவர் நீங்களாக இருங்கள். நீங்கள் துரத்தினால் பத்துப் பேரும் துரத்துவார்கள். தம்பி தப்பவிட்டால் முறைக்காதீர்கள். ஒரு முறைப்பு போதும், அடுத்த முறை பந்து வந்தால் அவன் கை நடுங்கும். உங்களை ரெண்டு பேர் சுற்றி நிற்கிறார்கள் என்றால் நம் ஆள் ஒருவன் எங்கோ தனியாக நிற்கிறான் என்று அர்த்தம். அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறவர்தான் பெரிய ஆட்டக்காரர். அது கோல் போடுவதைவிடக் கஷ்டமான வித்தை.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. “அவன் பார்த்துப்பான்” என்று நின்றுவிடுவதும் சுயநலம்தான். பந்து வந்தால் பயத்தில் உடனே நட்சத்திரத்திடம் தள்ளிவிடுவது பாஸ் இல்லை, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. தனி மரம் தோப்பாகாது என்பது மரத்துக்கு மட்டும் சொன்னது இல்லை, சுற்றி முளைக்காமல் இருக்கும் செடிகளுக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

பயிற்சி ஆசிரியர் அனுமதியோடு ஒரு அறிவிப்பு: வரும் திங்கள் காலை முதல் பாஸ் நோட்டு தொடங்குகிறது. நின்றுபோன ஏழு பேரும் திரும்ப வரலாம். மட்டை இல்லாதவர்களும் வரலாம், விளையாட்டு அறையில் இருப்பதைப் பகிர்ந்துகொள்வோம். யாருக்கு எத்தனை கோடு என்பதை வாரம் ஒருமுறை இதே சுவரேட்டில் ஒட்டுவோம்.

மூளைக்கு வேலை

1. மாஸ்கோவில் தங்கம் வாங்கிய இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்த தமிழ்நாட்டு வீரர் யார்?
2. பாரிஸில் இந்தியா போட்ட 15 கோலில் ஹர்மன்பிரீத் தவிர மற்றவர்கள் போட்டது எத்தனை?
3. பெனால்டி கார்னரில் கோல்கீப்பரைச் சேர்த்து எத்தனை பேர் தடுக்கலாம்?
4. நம் அணி 1-0 என்று முன்னால் இருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம். நட்சத்திரத்தை மூன்று பேர் சுற்றி நிற்கிறார்கள். நீங்கள் சென்டர் ஹாஃப், பந்து உங்களிடம். என்ன செய்வீர்கள்?

(விடை: 1. வி. பாஸ்கரன். 2. ஐந்து. 3. ஐந்து பேர். 4. இதற்கு விடை தாளில் இல்லை. திங்கள்கிழமை மைதானத்துக்கு வந்து காட்டவும்!)

— பள்ளி ஹாக்கி அணியின் லெஃப்ட் ஹாஃப்,
பதினோராம் வகுப்பு ‘ஆ’ பிரிவு